தூசியென்று துடைத்த மச்சம்

மருந்துக்கடைக்காரியின் கன்னத்து மச்சம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் காணாமல் போனது. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவள், கன்னத்தில் ஏதோ சுரண்டுவதுபோல் இருக்கவே தடவிப் பார்த்தாள், வழவழவென்று இருந்தது. எதிர்வீட்டு வாட்ச் ரிப்பேர்காரரின் கைவேலை அது என்பது பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அவருக்குப் படப் பைத்தியம். தொட்டால் மாவாய் உதிரும் பேஸ்டல் வண்ணக் கட்டிகளைத் தேய்த்துத் தேய்த்து, முகத்தை முக அளவிலேயே வரைவார். ஆனால் உயிருள்ள முகத்தை நிமிர்ந்து பார்க்கச் சொன்னால் காது சிவந்துவிடும். கல்யாணமான புதிதில் மனைவியையே நிலைக்கண்ணாடியில்தான் பார்த்தாராம். அந்த அம்மாளே மாடிப்படியில் நின்று சொன்னது. ஆகவே மாடலாக உட்கார ஒப்புக்கொண்ட மருந்துக்கடைக்காரியை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்காரவைத்து, கேமராவுக்குப் பின்னால் ஒளிந்தபடி போட்டோ பிடித்து அனுப்பிவிட்டார். ஒன்றே ஒன்றுதான் தெளிவாக விழுந்தது. அதைப் பெரிதாக அச்சுப்போட்டு, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் வரைந்தார். எல்லாம் முடிந்த நேரத்தில் போட்டோவில் ஒரு கரும்புள்ளி கண்ணை உறுத்தியது. வாட்சின் வயிற்றில் ஆயுசு முழுக்கத் தூசி தேடிய கை சும்மா இருக்குமா? போட்டோவில் பிளேடால் சுரண்டினார். படத்தில் ரப்பரால் ஒற்றி எடுத்தார். போயே போய்விட்டது, இரண்டிலும், எதிர்க்கடையில் நின்றவள் முகத்திலும்.

அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டிருப்பாள். ஆனால் வீட்டில் பார்வை போன அம்மா இருந்தாள். மகள் குரலில் பேசி ஒருத்தி கைவளையலைக் கழற்றிப் போனதிலிருந்து, மச்சத்தைத் தொட்டுப் பார்க்காமல் அம்மா வாய் திறப்பதில்லை.

"யாரும்மா நீ?"

"நான்தாம்மா."

"அவளும் அப்படித்தான் சொன்னா. என் மக வரட்டும், சாப்பிடறேன்."

இரண்டு நாள் தட்டு தொடப்படவில்லை. மூன்றாம் நாள் அம்மாவுக்கு உட்கார முடியவில்லை. மகள் எதிர்வீட்டுக்குப் போய் நின்றாள்.

"தூசின்னு நெனச்சுட்டேம்மா" என்றார் அவர், தரையிடம்.

"எதிர்லதானே இருக்கேன்? ஒரு தடவ நிமிந்து பாத்திருந்தா என்னவாம்?"

திரும்ப வைத்துவிடலாம், எங்கே வைப்பது? போட்டோவில் ஓட்டை. வலது என்றது பாதித் தெரு, இடது என்றது மீதி. மூக்கோரம் என்று அவர் மனைவி சத்தியம் செய்தாள். மருந்துக்கடைக்காரிக்கே கண்ணாடியில் பார்த்த ஞாபகம்தான், இடவலத்தில் குழம்பினாள். இடம் தெரிந்தது அம்மாவின் விரலுக்கு மட்டும்.

"கை பட்டா படம் கலைஞ்சுடும்" என்று ரிப்பேர்காரர் முனகினார். படம் கலைந்தால் முகம் என்னாகும் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். அம்மா இடது கையால் மகளின் காதைத் தேடிப்பிடித்து, யாரோ ஒருத்தியின் காதைத் தொடுகிற முகச்சுளிப்போடு, அங்கிருந்து இரண்டு விரற்கடை கீழே இறங்கி விரலை நிறுத்தினாள். வலது ஆட்காட்டி விரலில் பழுப்பு பேஸ்டல் பொடி தொட்டுவைத்திருந்தார்கள். அந்த மணிக்கட்டைப் பிடித்துப் படத்தருகே கொண்டுபோக வேண்டியவர் ரிப்பேர்காரர். லென்ஸைக் கழற்றினார். மகள் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். காது சிவந்தது, பார்வையை எடுக்கவில்லை. விரலை இறக்கினார்.

அம்மாவின் இடது விரலடியில் மச்சம் முளைத்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"கடைக்கும்மா."

"பசிக்குது."

ஊட்டிய முதல் வாயிலேயே உப்பு போதவில்லை என்றாள்.

மச்சம் இப்போது விரல்நுனி அகலம். உற்றுப் பார்த்தால் ரேகைகூடத் தெரியும். அது எப்போதும் அவ்வளவு பெரிதுதான் என்று தெரு சொல்கிறது. ரிப்பேர்காரர் மட்டும் தினம் ஒருமுறை எதிரே நிமிர்ந்து பார்த்து, இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார்.