அவரே சொல்லட்டும்

"சார், நீங்க மட்டும் கொஞ்சம் இப்படி வாங்க" என்று சீருடைக்காரர் கூப்பிட்டபோது, லிஃப்ட்காரர் ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெல்ட்டும் கைக்கடிகாரமும் ஏற்கெனவே பிளாஸ்டிக் தட்டில் ஏறி எக்ஸ்ரே பெட்டிக்குள் போய்விட்டன. இடுப்பில் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தது சீருடைக்காரரை அல்ல, பின்னால் நின்ற மனைவியை. எந்த ஊரில் யார் என்ன கேட்டாலும் அவர் முதலில் திரும்புகிற பக்கம் அதுதான்.

அவளும் தயாராகத்தான் இருந்தாள். "எதுக்குங்க? என்ன விஷயம்? எங்க வீட்டுக்காரர் கம்பெனி வேலையா போறாரு, டிக்கெட் காட்டட்டுமா?" என்று ஒரே மூச்சில் ஆரம்பித்தாள். கட்டிலும் சோபாவும் விற்கிற கடையில் வேலை அவளுக்கு. சும்மா விலை கேட்க வந்தவர்களை மெத்தையோடு வீட்டுக்கு அனுப்புகிற வாய். கடையில் அவளுக்கு 'ரேடியோ' என்றே பேர். லிஃப்ட் பழுதுபார்க்கிற அவள் கணவருக்கோ சின்ன வயதிலிருந்தே திக்குவாய். முதல் எழுத்து வந்துவிட்டால் மீதி தானாக ஓடிவரும். அந்த முதல் எழுத்துதான் வராது. பெண் பார்க்கப் போன அன்று, தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று இருவரையும் விட்டபோது, அவர் "பி... பி..." என்று திணறினார். "பிடிச்சிருக்குன்னு சொல்றீங்க, அதானே? எனக்கும் பிடிச்சிருக்கு" என்று அவளே முடித்துவிட்டாள். கல்யாணம் ஆகி மூன்றாவது மாதம்தான் அவர் நிதானமாகச் சொன்னார்: "பின்னாடி பல்லி இருந்துச்சு." அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகும் அவருடைய வாக்கியங்களை அவள்தான் முடித்துவைத்தாள்.

காலம் சரியில்லாத காலம். போன வாரம் எங்கோ தொலைவில், வேறொரு நாட்டு விமான நிலையத்தில், பெட்டி எடுக்கிற இடத்தில் குண்டு வெடித்திருந்தது. அந்தப் புகையும் உடைந்த கண்ணாடியும் நாள் முழுக்க டிவியில் ஓடின. இங்கே குப்பைத்தொட்டிகளை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வாசலில் துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். ஒரு நாய் எல்லாருடைய பெட்டியையும் சலிப்போடு மோந்து பார்த்தது. ஜனங்கள் முகத்தைப் பார்க்கும் முன்னால் கையில் இருக்கும் பையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் என்ன? காலையில் வாசலுக்குப் பக்கத்தில் பெரிய பெட்டியோடு தனியாக உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டு, கணவரை இழுத்துக்கொண்டு வேறு வரிசை நாற்காலிக்குப் போனவள்தான்.

அவர்களைக் கொண்டுபோய் உட்காரவைத்த அறையில் ஜன்னல் இல்லை. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சுவரில் சத்தம் போடும் ஏசி. அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். கதவோரம் ஒரு பெண் காவலர்.

"வரிசையில உங்களுக்கு முன்னாடி நின்ன அம்மா ஒரு புகார் குடுத்திருக்காங்க" என்றார் அதிகாரி. "'கம்பி அறுந்தா உள்ள இருக்கிற எல்லாரும் செத்துடுவாங்க'ன்னு நீங்க திரும்பத் திரும்பச் சொன்னீங்களாம். சொன்னீங்களா சார்?"

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. லிஃப்ட் கம்பெனியின் பயிற்சிப் பள்ளி வேறு ஊரில் இருக்கிறது. அங்கே புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகளுக்கு அன்று மத்தியானம் அவர் வகுப்பு எடுக்கவேண்டும். மேனேஜர் கேட்டதும், வீட்டில் ஒரு வார்த்தை கலக்காமல் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தார். துணைக்கு அவளும் கிளம்பிவிட்டாள். ஒரு மாதமாகக் குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் அதே ஒத்திகை. முணுமுணுத்தால் அவருக்குத் திக்காது. வரிசையிலும் அதைத்தான் செய்திருக்கிறார்.

"ஐயோ சார், அது லிஃப்டைப் பத்தி!" என்று அவள் கொட்டத் தொடங்கினாள். கம்பெனி, பள்ளி, மேனேஜர், வகுப்பு, கம்பி என்று தங்குதடையில்லாமல் போயிற்று. எந்த வாடிக்கையாளரையும் கவிழ்த்துவிடும் வேகம். பேசப் பேச அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனதை அவள் கவனிக்கவில்லை.

"ரொம்ப நல்லா சொல்றீங்கம்மா" என்றார் அவர், அவள் மூச்சு வாங்கியபோது. "மனப்பாடம் பண்ணின மாதிரியே இருக்கு. நான் கேட்டது அவரை. அவரே சொல்லட்டும்."

"அவருக்குப் பேச்சு திக்கும் சார்."

"வரிசையில திக்கலையே?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அதையும் சொன்னால் இன்னும் மனப்பாடமாகத் தெரியும் என்று முதல்முறையாகப் பயம் வந்தது. இதுவரை அவளுடைய வாய் யாரையும் காப்பாற்றாமல் விட்டதில்லை. இங்கே அதே வாய் அவரைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் ஆரம்பித்தார். "லி... லி..." உதடு இழுபட்டது, கண் மூடிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அதிகாரி அந்த வியர்வையைப் பார்த்தார். அறைக்கு வெளியே ஒலிபெருக்கியில் அவர்களுடைய விமானத்துக்குக் கடைசி அழைப்பு.

"லிஃப்ட்!" என்று அவள் கத்தியேவிட்டாள்.

"அம்மா!" அதிகாரி மேஜையில் தட்டினார். "இன்னொரு தடவை வாயைத் திறந்தீங்கன்னா வெளிய உட்கார வைப்பேன்."

அப்போதுதான் லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார். அதிகாரிக்கு அல்ல, அவளுக்கு. பாரம் ஏற்றும்போது 'நிறுத்து' என்று காட்டுவார்களே, அந்த மாதிரி விரித்த உள்ளங்கை. "நீ சு... சும்மா இரு. நா... நானே சொல்றேன்." இத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவசரமே இல்லாதவர் போலச் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். பிறகு எதிரே இருந்த இருவரையும் அன்றைய வகுப்புக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"லி... லிஃப்டுல ஏறுற எல்லாருக்கும் ஒரு ப... பயம் இருக்கும். க... கம்பி அறுந்தா உள்ள இருக்கிற எல்லாரும் செத்துடுவாங்கன்னு." நிறுத்தினார். ஏசி உறுமியது. "அப்படி இல்ல. கம்பி ஒண்ணு இல்ல, ப... பல கம்பி. ஒண்ணு போனா மத்ததெல்லாம் தாங்கும். எல்லாமே போனாலும் ரெண்டு பக்கமும் இருக்கிற த... தண்டவாளத்தை பி... பிரேக் கவ்விப் பிடிச்சுக்கும். நீ... நீங்க பாக்கவேண்டியது அந்த பிரேக்கை. அது துருப்பிடிக்காம இருந்தா யா... யாரும் கீழ விழ மாட்டாங்க."

ஒவ்வொரு திக்கலிலும் அறை காத்திருந்தது. ஒரு எழுத்துக்காக மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு இடத்தில் 'பிரேக்' வெகுநேரம் வரவே இல்லை. பெண் காவலர் தன்னையறியாமல் உதட்டைக் குவித்ததை அவள் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தது. சத்தியமாக, அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவளே கேட்டதில்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். கம்பெனிக்கு போன் போட்டார், மேனேஜரிடம் பேசினார், இரண்டு பைகளையும் மறுபடி திறந்து பார்க்கச் சொன்னார். எதையும் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "எங்க அடுக்குமாடில ஏழாவது மாடி சார் எனக்கு" என்றார். "இன்னைக்கு வரைக்கும் படியிலதான் ஏறிட்டிருக்கேன்."

"உ... உடம்புக்கு நல்லது" என்றார் லிஃப்ட்காரர். பெண் காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்தபோது விமானம் போய்விட்டிருந்தது. நடைபாதையில் புகார் கொடுத்த அம்மாளும் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னதில் அவளுக்கும் அதே விமானம் போய்விட்டது. இவர்களைக் கண்டதும் எழுந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. காதுல விழுந்ததைச் சொன்னேன். என் பேத்தியும் இப்படித்தான் விமானத்துல போவா, வருவா... அவளை நினைச்சுப் பயந்துட்டேன்."

ரேடியோவின் நாக்கு நுனியில் ஒரு பெரிய வசவுப் பட்டியலே தயாராக நின்றது. அதற்குள் லிஃப்ட்காரர், "கா... காதுல விழுந்தா சொல்லத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இவ்வளவு நல்லவராக இருக்கவேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டே, அந்த அம்மாளை ஒரு தடவை முறைத்துவிட்டுப் பின்னால் போனாள்.

அடுத்த விமானத்தில் இடம் கிடைத்தது. ஆனால் போய்ச் சேரும்போது வகுப்பு நேரம் தாண்டியிருக்கும். பள்ளிக்குச் சொல்லவேண்டும். அவள் வழக்கம்போலத் தன் போனை எடுத்து எண்ணை அழுத்திக் காதுக்குக் கொண்டுபோனாள். அவர் கையை நீட்டினார்.

முகம் தெரியாத ஆளோடு போனில் பேசுவதென்றால் அவருக்கு எமன். மணி அடித்தால் மாடிக்கு ஓடிவிடுவார். அவள் தயங்கினாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. கொடுத்தாள்.

அவர் ஏசியில் சில்லிட்டிருந்த கண்ணாடிச் சுவரோரம் போய் நின்றார். வெளியே ஒரு வண்டி விமானத்தை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. போனிலிருந்து யாரோ "ஹலோ... ஹலோ... யாருங்க?" என்பது அவள் இருந்த இடம் வரை கேட்டது. அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடாமல், அந்த முதல் எழுத்துக்காகக் காத்திருந்தார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிடவில்லை. லிஃப்ட்காரரின் மூச்சு பட்டு, கண்ணாடியில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் படர்ந்து, பெரிதாகிக்கொண்டிருந்தது.