சத்தம் போடாத சூடு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு வசவிலிருந்து கிடைத்தது.

கசாப்புக் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் பையை வாங்க அவர் மருமகன் கையை நீட்டினான். பெரியவர் பையை இழுத்துக்கொண்டு, "கோர்பினியன் பத்தவச்ச மாதிரி உதவாதப்பா, நீ சும்மா நில்லு" என்றார். கடையே சிரித்தது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஒருவன் உயிரோடு, அதுவும் அடுத்த தெருவிலேயே இருக்கும்போது அவன் பெயர் வசவாகிவிட்டதென்றால் அதற்குள் நல்ல சரக்கு இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஹாப்ஸ் வியாபாரிகளைப் பார்த்து நான் கற்றது ஒன்றே ஒன்று: பிடித்த சரக்கைக் கண்டால் முகத்தில் காட்டக் கூடாது. எனவே ஒன்றும் நடக்காதவன் போலத் தேவைக்கு மேலேயே சாஸேஜ் வாங்கினேன். கொசுறாகக் கதையைக் கேட்டேன்.

"அக்காமேல பொறாம சார். அவ புது ஹீட்டர் போட்டா, இவன் கெடுத்தான். அவ்ளோதான்" என்றார் கடைக்காரர். அன்றைய சரக்கு கடைசியில் என்ன ஆனது என்று கேட்டதற்கு வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அங்கேயே சண்டை வந்துவிட்டது. நான் நழுவினேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

ஆகஸ்டு மாதத்து வெயில் ஹாப்ஸ் விளையும் ஹாலர்டாவின் கொடிக் கம்பங்கள்மேல் தங்கமாய் உருகி—

[அடித்தேன். தங்கமாய் உருகாத வெயிலை எந்த எழுத்தாளன் எழுதியிருக்கிறான்?]

இரண்டாவது:

பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது ஹாப்ஸ் கொடியின் கூம்புகளே. பறித்த கூம்பில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால், அன்றே உலர்த்தாவிட்டால்—

[விஷயம் சரி. ஆனால் எனக்கே கொட்டாவி வந்தது.]

மூன்றாவது:

வால்பூர்காவின் டாரெ சத்தம் போடவில்லை.

நிறுத்துங்கள்! இதுதான். இந்த ஒரு வரி வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். இதற்குள் அக்கா இருக்கிறாள், தம்பி இருக்கிறான், பெரிய தப்பு ஒன்றும் இருக்கிறது.

(டாரெ என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: 'சூளை' என்று எழுதிப் பார்த்தேன், செங்கல் அடுக்கத் தோன்றியது. விட்டுவிட்டேன். உயரமான கட்டடம் அது. அடியில் காற்றைச் சூடாக்கும் அறை. அதற்குமேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சல்லடைத் தட்டுகள். பறித்த பச்சைக் கூம்பு மேல்தட்டில் விழும். காயக் காயக் கீழே இறங்கும். அடித்தட்டு மட்டும் மேசை இழுப்பறை போல வெளியே வரும். சரக்கு இறங்க, சூடான காற்று ஏற, இரண்டும் வழியில் பேரம் பேசிக்கொள்கின்றன. காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு கூரை வழியே போய்விடும். காற்று கொஞ்சமாகவும் சூடு அதிகமாகவும் இருந்தால் பேரம் முறியும்: கூம்பு காயாமல் வெந்துபோகும்.)

3

அப்பா போகும்போது தோட்டத்தைத் தம்பி கோர்பினியனுக்கும் டாரெயை அக்கா வால்பூர்காவுக்கும் விட்டுப்போனார். அவள் வருஷம் முழுக்கக் காத்திருப்பதே அறுவடை வாரங்களுக்குத்தான். வீட்டைக் கேட்டால்கூட யோசித்துக் கொடுத்துவிடுவாள். டாரெயைக் கேட்டால் கடிப்பாள்.

அங்கே பழைய எண்ணெய் பர்னர் ஒன்று இருந்தது. பற்றவைத்தால் விமானம் கிளம்புகிற உறுமல். ஊர்க் குழந்தைகள் அந்த உறுமலில்தான் தூங்கும். அது நின்றால் ஊரே விழித்துக்கொண்டு, "யார் வீட்டு நெருப்பு அணைஞ்சுது?" என்று கேட்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை, காதால் கேட்பவர்கள். [இந்த வாக்கியத்தை மறக்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம், நீங்கள் மறக்கமாட்டீர்கள்.]

எண்ணெய் விலை எகிறிய வருஷம் வால்பூர்கா மரச்சிராய் கொதிகலன் போட்டாள். கொதிநீர் குழாய்களில் ஓடும், விசிறி அந்தக் குழாய்களின் ஊடாகக் காற்றைத் தள்ளும். அவ்வளவுதான். விசிறியின் ரீங்காரம் கட்டடத்துக்கு வெளியே கேட்காது. பழைய பர்னர் மட்டும் மூலையில் இணைப்போடு நின்றது. "இருக்கட்டும்க்கா, ஒரு கைக்காவலுக்கு" என்று தம்பி கெஞ்சியிருந்தான்.

ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில், ஊர் பார்க்க, அக்காளும் தம்பியும்:

"வெந்நீர் வச்சுக் குளிக்கலாம்க்கா. ஹாப்ஸ் காயவைக்க முடியுமா?"

"உனக்குக் காதுதான்டா சூடு பாக்குது. எனக்குத் தெர்மாமீட்டர் இருக்கு."

"அப்போ பந்தயம். மொத சரக்க லாம்பெர்ட் எடுத்துக்கிட்டார்னா டாரெ உன்னோடது. சாகுற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீ வாயத் தொறக்காம இருந்தா அதுவே பெரிய லாபம். எடுக்கலேன்னா?"

"டாரெ எனக்கு. பழைய பர்னர் திரும்ப ஓடும். நீ வீட்டுக்குள்ள உக்காந்து பில் எழுது."

லாம்பெர்ட் பீர் ஆலைக்குச் சரக்கு எடுப்பவர். அவர் மூக்கு சொன்னால் மறுபேச்சு கிடையாது. அக்காளும் தம்பியும் கை குலுக்கினார்கள். எங்கள் ஊரில் கை குலுக்கிய பிறகு வக்கீலுக்கு வேலை இல்லை.

4

அறுவடையின் முதல் நாள். எல்லாம் ஜோராக ஓடியது. போலந்திலிருந்து வந்த ஸெனோன் டிராக்டரில் கொடிகளைக் கொண்டுவந்து கொட்டினான். விசிறி சுற்றியது. தெர்மாமீட்டர் முள் அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே அசையாமல் நின்றது. அடித்தட்டுச் சரக்கு காய்ந்துவிட்டது என்றே சொல்லலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லாம்பெர்ட் வருவதாகச் சொல்லியிருந்தார். வால்பூர்கா மேல்தளத்தில் உட்கார்ந்து முள்ளங்கியும் ரொட்டியும் தின்றபடி, யாரும் இல்லாத தைரியத்தில் பாடினாள்.

இப்போது யாராவது போய்ப் பழைய பர்னரைப் பற்றவைக்க வேண்டும். கசாப்புக் கடைக்காரரின் சரக்கை அப்படியே எடுத்து எழுதினேன்:

கோர்பினியன் பல்லைக் கடித்தான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பொறாமை கொழுந்துவிட்டெரியும் கண்களோடு—

[அடித்தேன். கொழுந்துவிட்டெரியும் கண்களாம்! அதை வைத்தே ஹாப்ஸ் காயவைத்திருக்கலாமே.]

எனக்கு இந்தக் கோர்பினியன்மேல் நம்பிக்கை வரவில்லை. கெட்டவனை எழுதுவது மலிவு வியாபாரம். நாற்சந்தியில் கூவி விற்கலாம், வீட்டுக்குப் போனால் சாயம் போய்விடும். மீண்டும் கொள்முதலுக்குப் போனேன். இம்முறை ஸெனோனிடம். டிராக்டரின் அடியில் படுத்து ஆணி முடுக்கிக்கொண்டிருந்தவன், முற்றத்தில் நடந்த எல்லாவற்றையும் கால் மட்டத்திலிருந்து பார்த்தவன், அவன் ஒருவன்தான்.

"அவர் வந்தாரு. நடு முற்றத்துல நின்னாரு. தலையச் சாய்ச்சு டாரெ பக்கம் காத வச்சாரு. அப்புறம் 'ஐயோ, அக்கா'ன்னாரு. அவ்ளோதான் சார். ஓடுனாரு."

ஐயோ, அக்கா! அந்த இரண்டு சொல்லுக்காக ஸெனோனின் கையைப் பிடித்துக் குலுக்கினேன், கிரீஸோடு.

புரிகிறதா? உறுமல் இல்லை. நாற்பது வயதுவரை உறுமலில் வளர்ந்த காது, நெருப்பு அணைந்துவிட்டது என்று சொல்லிவிட்டது. லாம்பெர்ட் வருகிற நேரம். குளிர்ந்த டாரெயை அவர் பார்த்தால் அக்காள் தோற்றாள், ஊர் சிரிக்கும், டாரெ இவனுக்கு. பந்தயத்தில் ஜெயிக்க அவன் செய்யவேண்டியது எதுவுமே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அதுதான் அவனால் முடியவில்லை.

அக்காளின் மானம் போகக் கூடாது என்று, யாரிடமும் சொல்லாமல், நன்றாக எரிந்துகொண்டிருந்த சூட்டின்மேல் இன்னொரு சூட்டைப் பற்றவைத்தான்.

5

(இந்தப் பகுதியைத் திருத்தவே இல்லை. கை நிற்கவில்லை.)

மேல்தளத்தில் வால்பூர்காவின் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. பச்சைப் புல்லும் எலுமிச்சையுமாய் இருந்த காற்றில் அவித்த காயின் வாடை. நிமிர்ந்தாள். கூரைப் பலகையில் தண்ணீர் கோத்துத் துளித்துளியாகத் தொங்கியது. அப்போதுதான், பிறந்தது முதல் கேட்டதால் காதில் உறைக்காமல் போன அந்த உறுமல் காலடியில் உறைத்தது. முள்ளங்கியை எறிந்துவிட்டுப் படிகளில் பாதியை மிதிக்காமலே கீழே வந்தாள்.

பர்னர் பக்கத்தில் தம்பி பெருமையாக நின்றிருந்தான்.

"கவலப்படாதக்கா. யாருகிட்டயும் சொல்லல. லாம்பெர்ட் வர்றதுக்குள்ள சூடு ஏறிடும்."

"சூடு எறங்கவே இல்லையேடா, மடையா!"

"சத்தமே கேக்கல…"

"அது சத்தம் போடாதுடா! முள்ளப் பாரு!"

பார்த்தான். முள் எண்பதைத் தாண்டி வெட்கமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கை தன்னாலே சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அப்பா காலத்துப் பழக்கம்: ஆபத்தென்றால் எல்லாவற்றையும் அணை. ஆனால் அது விசிறியையும் சேர்த்து அணைக்கும். காற்று நின்றால் தகிக்கிற சூடு அப்படியே தட்டுகளுக்கு அடியில் தேங்கும்.

வால்பூர்கா தம்பியை இடுப்பால் ஓர் இடி இடித்துத் தள்ளிவிட்டு, பொத்தானுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"விசிறியத் தொட்ட, கைய ஒடிச்சுடுவேன்! பர்னர மட்டும் அணை! அந்தக் கதவத் தொற, வெளிக் காத்து உள்ள வரட்டும்! ஸெனோன்! மர ஷவல் எடுத்துட்டு ஓடி வா!"

உறுமல் செத்தது. திறந்த கதவு வழியே வெளிக்காற்றை விசிறி உறிஞ்சியது. மூவரும் அடித்தட்டை இழுத்தார்கள், வெறுங்கையால், கம்பி சுட்டது, விடவில்லை. காய்ந்த சரக்கு முழுவதும் தரையில் சரிந்தது. மர ஷவலால் வாரி வாரி விசிறினார்கள். கூம்புக்குள்ளிருந்து மஞ்சள் நிறத் தூள் பறந்தது, கோர்பினியன் தும்மினான், அழுதான், தும்மினான். எது எதற்கு என்று தெரியவில்லை.

"தும்மாதடா சரக்குமேல!"

"முதலாளியம்மா, வாசல்ல கார்!" என்றான் ஸெனோன்.

மூக்கில் வியர்த்த மாதிரி, சொன்ன நேரத்துக்கு முன்பே லாம்பெர்ட் வந்து நின்றார்.

6

லாம்பெர்ட் நேராகக் குவியலில் கையை முழங்கைவரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். கையைக் கிண்ணம்போலக் குவித்து முகத்துக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

"ஐயா" என்றான் கோர்பினியன். "அதுல குத்தம் இருந்தா அது நான். நான்தான் பர்னரப் பத்தவச்சேன். அக்கா சூட்டுல ஒரு கொறையும் இல்ல."

"அவன் பேச்சக் கேக்காதீங்க. ஹீட்டர் ஓடுனாலும் சத்தம் வராதுன்னு இவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும், சொல்லல. டாரெ என் பொறுப்பு. குத்தம் எனக்குத்தான்."

"நீ வாய மூடுறியா? தோத்துடுவக்கா!"

"நான் தோத்தா நீதானடா ஜெயிக்கிற? அப்புறம் என்ன அழுக?"

"எனக்கு வேணாம் அந்த ஜெயிப்பு!"

"பந்தயம் போட்டது நீ!"

"அப்போ எனக்குப் புத்தி இல்ல!"

"இப்போ மட்டும்?"

பிறந்தது முதல் பேரம் பார்த்து வளர்ந்தவன் நான். ஆளுக்கு ஆள் தன் பக்கம் இழுப்பார்கள், அதுதான் பேரம். நஷ்டத்தை எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று இருவர் இழுத்ததை இங்கேதான் பார்க்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மேசையைத் தட்டத் தோன்றியது. தட்டினேன்.

லாம்பெர்ட் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடாம இருந்தீங்கன்னா எனக்கு வாசன தெரியும்."

7

இனி முடிவு.

ஒன்று: லாம்பெர்ட் சிரித்தார். "முதல் தரம்" என்றார். அக்காளும் தம்பியும் கட்டிப்பிடித்து—

[கொஞ்சம் தித்திப்பு. கசப்புக்காகப் பயிரிடுகிற பொருளைப் பற்றிய கதைக்கு இது ஆகாது.]

இரண்டு: லாம்பெர்ட் கையை உதறிவிட்டுக் காருக்குத் திரும்பினார். கோர்பினியன் டாரெயின் சாவியை வாங்கி, அப்படியே அக்காளின் உள்ளங்கையில்—

[உங்களுக்குக் கண்ணீர் வரலாம். எனக்குக் கூச்சம் வருகிறது. தவிர, இவள் வாங்கிக்கொள்ளமாட்டாள். கை குலுக்கியவள்.]

மூன்று: ஸெனோனுக்கு நிஜ முடிவு தெரியும். சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன். கிறுக்கு என்று நினைத்திருப்பான். ஆனால் அதை வாங்கிவிட்டால் நான் உங்களுக்கு விற்றாகவேண்டும். நீங்களோ இத்தனை தூரம் வந்தவர்கள், இந்தச் சரக்கைப் பற்றி உங்களுக்கே இப்போது தெரியும்.

எனவே தயவுசெய்து கையை நீட்டுங்கள். இல்லை, இரண்டு கையையும். இதோ, குவியலின் அடியிலிருந்து ஒரு பிடி. இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. தேயுங்கள், பயப்படாமல் அழுத்தி. உள்ளங்கை ஒட்டுகிறதல்லவா, அது நல்லதுதான். எலுமிச்சையும் புல்லும் வந்தால் அக்காளுக்கு டாரெ. கருகிய ரொட்டி ஓரம் வந்தால் தம்பிக்கு, அவன் வேண்டவே வேண்டாம் என்கிற டாரெ. இரண்டும் கலந்து வந்தால், எது முந்தி வருகிறது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

லாம்பெர்ட் உங்களுக்கு இடம்விட்டு ஒதுங்கிவிட்டார். அக்காள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். தம்பி அக்காளைப் பார்க்கிறான். யாரும் மூச்சுவிடவில்லை.

முகருங்கள்.