நூற்றுக்கு நூறு வாங்கிய எடை ஆய்வாளர்

இதயம் பலவீனமான நோயாளிகளுக்குத் தங்கள் நோயைப் பற்றி எவ்வளவு விளங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் அளந்துகொண்டிருந்தார்கள். கேள்விகளுக்கு நூறு மார்க்கில் எண்பதுக்கு மேல் வாங்கினால் நேரே வீட்டுக்குப் போகலாம். குறைந்தால் டாக்டர் மறுபடி கூப்பிட்டு உட்காரவைப்பார்.

நர்ஸுக்கு எதிரே இருந்தவர் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் எடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் அவர் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள் படிக்கற்களை எடுத்துச் சரிபார்ப்பார்கள். இந்த வருடம் இரண்டு தடவை வார்டில் படுத்தாகிவிட்டது. மூன்றாவது தடவை படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்ற பயம் உள்ளூர அரித்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"தினமும் ஏன் சார் எடை பார்க்கணும்?"

"இதயம் சரியா வேலை செய்யலைன்னா உடம்புல நீர் சேரும். மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே உங்களைக் கூப்பிடணும்."

உப்பு, தண்ணீர், மாத்திரை என்று எதைக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பித்தார். நர்ஸ் அசந்துபோனாள். "நூத்துக்கு நூறு சார்!"

அவருக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்துக்கொண்டார். கேட்காமலே ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். தினமும் காலை ஆறு மணி எடை, சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தது. அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு.

பையோடு பக்கத்தில் இருந்த மனைவி வாயைத் திறந்தாள். "சிஸ்டர், வீட்டு மெஷின்ல ஆள் ஏறாதப்பவே முள்ளு பூஜ்ஜியத்துக்குக் கீழ நிக்குது. அது பரவாயில்லையா?"

"நீ சும்மா இரு."

"போன வாரம் அறுபத்தஞ்சு காட்டுச்சு. மெஷின் கெட்டுப்போச்சுன்னு இவர்தான் முள்ளைத் திருத்துற திருகைத் திருப்பி அறுபத்திரண்டுல நிறுத்தினார். ரெண்டு நாள்ல மறுபடி ஏறுச்சு. மறுபடி திருப்பினார்."

நர்ஸின் பேனா நின்றது. "ஏன் சார் அப்படிப் பண்ணீங்க?"

"முப்பது வருஷமா நான் அறுபத்திரண்டு கிலோம்மா. நான் மாறல, மெஷின்தான் மாறிச்சு."

மூலையில் இருந்த ஆஸ்பத்திரி மெஷினில் நர்ஸ் அவரை ஏற்றினாள். அறுபத்தெட்டு. இதுவும் தப்பு என்று குனிந்து திருகைத் தேடினார். குனிந்ததில் மூச்சு திணறியது. நர்ஸ் அவரைப் பிடித்து உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். நீர் கோத்த காலில் குழி அப்படியே நின்றது.

அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான படிக்கற்களில் முத்திரை குத்திய மனிதர். முத்திரையே இல்லாத தன் உடம்பைப் படிக்கல்லாக வைத்துத் தராசைத் திருத்தியிருக்கிறார். இதே வேலையை ஒரு கடைக்காரன் செய்திருந்தால் அன்றைக்கே கடைக்குப் பூட்டுப் போட்டிருப்பார்.

"பயமாயிருக்குடி" என்றார் மனைவியிடம். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சக்கர நாற்காலி வந்தது. வார்டை நோக்கித் தள்ளும்போது அவர் தலையைத் திருப்பினார். "ஏம்மா, என் மார்க்கு?"

"அது அப்படியேதான் இருக்கு சார். பதில் எல்லாம் சரியாத்தானே சொன்னீங்க."

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"அப்போ மார்க்கு போடற உங்க தராசையும் யாராவது வந்து சோதிக்கணும்மா."