சாக மறுத்த காஸ்தீல் மன்னன்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் தேவாலய மண்டபத்தில் ஒவ்வொரு கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கும் நாட்டுக்கூத்து நடக்கும். அரசன் வேடம் எப்போதும் அருமைநாதனுக்குத்தான். அவர் ஆடிய அரசர்கள் எல்லோரும் கடைசியில் மனந்திரும்பி, ஞானஸ்நானம் பெற்று, மாலையோடு வீட்டுக்குப் போனவர்கள்.

இந்த முறை கூத்தை எழுதிப் பழக்கிய அக்னெஸ், பழைய ஸ்பெயின் தேசத்துக் கதையொன்றை எடுத்திருந்தாள். காஸ்தீல் மன்னன் பேத்ரோவை அவனுடைய தம்பி என்ரிக்கே கூடாரத்துக்குள் வைத்துக் கொன்றுவிட்டு ஆட்சியைப் பிடிக்கிறான். இருவருக்கும் தகப்பன் ஒருவன், தாய்மார் வேறு. சரித்திரத்தில் என்ரிக்கேதான் சில மாதம் மூத்தவன்; கூத்துக்காக அக்னெஸ் அவனைத் தம்பியாக்கியிருந்தாள்.

என்ரிக்கே வேடத்தை அவள் அன்டனுக்குக் கொடுத்தாள். அன்டன் அருமைநாதனின் தகப்பனுடைய இரண்டாம் தாரத்து மகன். தகப்பன் மன்னாரில் இறந்தபோது கூட இருந்தவன் அவன்தான். அன்றிலிருந்து இருவரும் கதைப்பதில்லை. அன்டனின் குரல் நல்லது, அதுதான் காரணம் என்றாள் அக்னெஸ். எவரும் நம்பவில்லை.

“நான் சாகமாட்டன்” என்றார் அருமைநாதன்.

“அண்ணை, அந்தாள் செத்து அறுநூறு வருசத்துக்கும் மேல. நான் என்ன செய்யிறது?”

“சிறையில போடட்டும்.”

“சரித்திரத்தில அப்பிடி இல்லை.”

“அப்ப தம்பியார் சாகட்டும்.”

சாவதற்கு முன் பாட நீளமான விருத்தம் ஒன்று தருவதாக அவள் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

விழாவன்று விருத்தத்தை இரண்டு தடவை பாடினார். பிறகு கூடாரத்துக்குள் அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டார்கள். மேலே கிடக்கும் பேத்ரோவை என்ரிக்கே பக்கத்துப் பிரெஞ்சு வீரன் ஒருவன் காலைப் பிடித்துப் புரட்டிவிட வேண்டும்; கீழே போனவனை என்ரிக்கே குத்த வேண்டும். வீரனாக நடித்த டினோஜன், “நான் அரசனை ஆக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை” என்று பாடி இழுத்தான். மன்னர் அசையவில்லை. திரும்பவும் பாடி இழுத்தான். கூடாரம்தான் சரிந்து மூவரையும் மூடியது.

மன்னரின் சட்டையில் குத்தியிருந்த மைக் வேலை செய்துகொண்டிருந்தது.

“அப்பா செத்ததை ஊராரிட்டை இருந்துதான் கேள்விப்பட்டனான்” என்றது அருமைநாதனின் குரல். “உனக்குச் சொல்ல வாய் வரேல்லையோ?”

“நாள் முழுக்க போன் அடிச்சனான், அண்ணை. உங்கட பழைய நம்பருக்கு. மாத்தினதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை.”

பிறகு துணிக்குள் காஸ்தீல் மன்னர் தானாகவே புரண்டு மல்லாந்து படுத்தார். அன்டன் அட்டைக் கத்தியால் மெதுவாகக் குத்தினான்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அந்தக் காலத்து ஸ்பெயினில் தொலைபேசி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்டன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“ஏறுங்கோ. லொங்கேயில உங்கட வீட்டடியில விடுறன்.”

“மெட்ரோ இருக்கு.”

“இந்த உடுப்போடயோ?”

அருமைநாதன் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கார் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அவர் கேட்டார்.

“கடைசியா அப்பா என்ன சாப்பிட்டவர்?”

“கூழ் கேட்டவர். காய்ச்சிக் குடுத்தனான். ரெண்டு வாய் குடிச்சிட்டு, உப்புக் காணாது எண்டு ஏசினவர்.”

“ஏசுவார்” என்றார் அருமைநாதன். பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.