மணல் சாரின் வெள்ளை விளக்கு

“இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு பாப்பா. நெத்தி மட்டும்தான் தெரியுது” என்றான் அண்ணன்.

அவள் கைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, கூடத்தில் போட்டிருந்த கட்டிலோரம் முட்டியிட்டாள். தலையில் நரை கண்டு, அதை மறைக்கச் சாயமும் பூசத் தொடங்கியாயிற்று. ஆனாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான்.

“அட, முகம் நல்லா தெளிவா இருக்கே. கண்ணு?”

“காலையில பார்த்தேன். மஞ்சள் இல்லை.”

“அப்ப நான் சனிக்கிழமை வரேன். கையில இருக்கிற வேலையை முடிச்சுக் கொடுத்துட்டா நிம்மதியா தங்கலாம். என்னப்பா, வரட்டுமா?”

அப்பா கையை லேசாக அசைத்தார். வா என்கிறாரா, போதும் என்கிறாரா என்று தெரியவில்லை. அண்ணன் அதை வா என்றே எடுத்துக்கொண்டு போனை வைத்தான்.

ஈரல் கெட்டுப்போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் திரும்பினால் மட்டும் தாமதிக்காமல் தூரத்தில் இருப்பவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் அவள் அப்பாவின் கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அப்படிப் பார்க்க அவளுக்குப் பழக்கிவிட்டவரே அப்பாதான்.

அப்பாவின் உத்தியோகத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். படம் பார்ப்பதற்குச் சம்பளம். பழைய படங்களைச் சுத்தம் செய்து, வீட்டில் போட்டுப் பார்க்கிற துல்லியமான டிஸ்க்காக வெளியிடும் கம்பெனி அது. கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு டிஸ்க்கும் அப்பாவின் கண்ணைத் தாண்டியாக வேண்டும். கருப்பு கருப்பாக இருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா? இருட்டில் கட்டம் கட்டமாக உடைகிறதா? எல்லாவற்றுக்கும் மேல் மணல். பிலிமில் பொடிப்பொடியாக ஒரு மணல் உண்டு, அது திரையில் தெரிய வேண்டும் என்பார். அதை அழுக்கென்று நினைத்து வழித்தெடுத்தால் நடிகையின் முகம் மெழுகு பொம்மையாகிவிடும். “தோலை உரிச்சுட்டு அழகு பண்ணியிருக்கானுங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆபீஸில் அவருக்கு மணல் சார் என்றே பெயர்.

ஒருமுறை எல்லோரும் பிரமாதம் என்று கைதட்டிய டிஸ்க் ஒன்றை அவர் தனியாக நிறுத்திவைத்தார். “எல்லாரும் குடை பிடிச்சுட்டு நடக்கிறாங்க, மழையைக் காணோமே” என்றாராம். பிலிமில் விழுந்த கீறல்களை அழிக்கும் இயந்திரம் மழையையும் கீறல் என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டது, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். மழை வந்தால்தான் ஆயிற்று என்று மனுஷர் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் மழை வந்தது. அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அப்பாவின் மேல் அப்படியொரு பெருமை பொங்கும்.

வீட்டிலும் அதே கூத்துதான். கூடத்துச் சுவரைச் சாம்பல் நிறத்தில் அடித்தார், ஜன்னலுக்குத் தடித்த கருப்புத் திரை போட்டார், பகலிலும் விளக்குதான். வண்ணச் சுவர் கண்ணை ஏமாற்றுமாம். அவளுடைய கல்யாண வீடியோவைப் போட்டுச் சம்பந்தி வீட்டார் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தபோது, “மாப்பிள்ளை சட்டையில வெள்ளை எரிஞ்சுபோச்சு, ஒரு பட்டன்கூடத் தெரியலை” என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை இன்றுவரை அவர் முன்னால் வெள்ளைச் சட்டை போடுவதில்லை.

“பாப்பா.”

அவள் திரும்பினாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பல்பை மாத்தினது யாரு?”

சமையலறையில் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கூடத்தில் எப்போதும் வெள்ளை பல்புதான் இருக்கும். இப்போது மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. எப்போது மாறியது என்றே அவள் கவனித்திருக்கவில்லை. வெளிச்சம் இதமாக இருக்கிறது என்று மட்டும் எப்போதோ தோன்றியிருந்தது.

“இந்த வெளிச்சத்துல பொணத்தைக்கூட மாப்பிள்ளையா காட்டலாம்” என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தாலும் கிண்டல் இறங்கவில்லை. “அதை அணை. டிவிக்குப் பின்னால இருக்கிற விளக்கை எடுத்துட்டு வா.”

கலப்படமில்லாத வெள்ளை என்று அவர் தேடிப்பிடித்து வாங்கிய சின்ன விளக்கு அது. படம் பார்க்கும்போது கண்ணை நேர்மையாக வைத்திருக்க அது வேண்டுமாம். அவள் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுவிட்டு, மேல்விளக்கை அணைத்தாள்.

“இப்ப பார்த்து மார்க் போடு.”

“என்னப்பா பேசறீங்க.”

“பார்த்ததைச் சொல்லு பாப்பா. பயப்படாதே.”

அவள் குனிந்து இமையை இழுத்தாள். கண்ணின் வெள்ளை பழைய காகிதம்போல் பழுத்திருந்தது. கன்னம், கழுத்து, காதுமடல் எல்லாம் அதே நிறம். மஞ்சள் வெளிச்சம் மஞ்சளை விழுங்கியிருந்தது. இரண்டு மூன்று நாட்களாகவே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவள் அண்ணனிடம் சொன்னது பொய்.

“மஞ்சள்ப்பா.”

“எவ்வளவு?”

“நிறைய.”

“சரியா சொன்னே” என்றார். ஒரு நல்ல டிஸ்க்கைப் பார்த்து முடித்தவர்போல் முகத்தில் திருப்தி இருந்தது. தன் சாவையே இப்படி வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல இந்த மனுஷரால் மட்டும்தான் முடியும் என்று நினைத்தாள்.

வாசலுக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள்.

“இன்னைக்கே கிளம்பு.”

“இப்பத்தானே நல்லா இருக்காருன்னே?”

“பல்பு மஞ்சளா இருந்துச்சுண்ணா.”

வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன உளறுகிறாய் என்று கேட்டிருப்பான். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. பிறகு, “கிளம்பிட்டேன்” என்றான்.

சமையலறையில் அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். அடுப்பு எரியவில்லை.

“நான்தான் மாத்தினேன்” என்றாள் திரும்பாமலே. “அந்த வெள்ளை லைட்டுல அவர் மூஞ்சியைப் பார்க்க முடியலை பாப்பா. இந்த ரெண்டு மூணு நாளாவது நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு.”

கோபப்படத்தான் வந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து சேர்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலண்டை போய், வெள்ளை விளக்கில் அப்பாவைப் பார்த்தான். அப்பாவும் அவனைப் பார்த்தார்.

“இளைச்சிருக்கே” என்றார் அப்பா.

“நீங்களா சொல்றீங்க?”

அப்பா சிரித்தார். “மழையைப் போடு” என்றார்.

அந்த டிஸ்க்கைப் போட்டார்கள். சாம்பல் நிறத் தெருவில் குடைகள் நடந்தன. அப்பாவின் கண் பாதி மூடியிருந்தது.

“மழை தெரியுதா?”

“தெரியுதுப்பா” என்றான் அண்ணன். “மெல்லிசா, கோடு கோடா. குடை விளிம்புல தெறிக்கிறதுகூடத் தெரியுது.”

“மணல்?”

“மணலும் இருக்கு.”

அண்ணனின் கையைப் பிடித்தபடியே அவர் தூங்கிப்போனார். அம்மா கதவோரத்தில் உட்கார்ந்து திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். விடியும்போது மூச்சு நின்றிருந்தது. கை மட்டும் அண்ணனின் கைக்குள்ளேயே இருந்தது.

செய்தி கேட்டு முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு டீச்சர். அழுது முடித்து, சின்ன விளக்கைப் பார்த்தாள்.

“இதை அணைச்சுட்டு மேல இருக்கிறதைப் போடுங்களேன். முகம் ரொம்ப மஞ்சளா தெரியுது. வரவங்க பார்த்தா கஷ்டமா இருக்கும்.”

அவளும் அண்ணனும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. துணிகளுக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்த பழைய வெள்ளை பல்பை எடுத்துவந்து அண்ணனிடம் கொடுத்தாள்.

“இதை மாட்டு.”

அண்ணன் நாற்காலியில் ஏறி மாட்டினான். அவள் சுவிட்சைப் போட்டாள். சாம்பல் சுவர் சாம்பலாயிற்று, விரிப்பு வெள்ளையாயிற்று.

அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர் முகத்தருகே குனிந்தாள்.