இரண்டாவது நல்லம்மா

“ரீச்சர், ஒரே பேரிலை ரெண்டு பேர் இருந்தா, ஒராளுக்குத்தான் பசிக்குமோ?”

பதின்மூன்று வயது அருந்ததி இப்படிக் கேட்டபோது வகுப்பு சிரித்தது. பின்வாங்கில் இருந்த ஒருவன், “மற்றவ விரதமாக்கும்” என்றான். மகாதேவி ரீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நல்லூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் பின்னறையில் அந்த வகுப்பு நடந்தது. பாடம் கொம்பியூட்டர். தகவல்களை எப்படி ஒழுங்குபடுத்தி வைப்பது, வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது, அதற்கான கட்டளைகளை எப்படி எழுதுவது என்பதை மகாதேவி படிப்பித்தார். எண்பத்து மூன்று ஆடி வரைக்கும் கொழும்பில் அதுதான் அவருடைய வேலை. கலவரத்துக்குப் பிறகு அகதிக் கப்பலில் வந்து இறங்கியவர், இணுவிலில் தாயுடன் இருந்தார். நிலையத்தில் ஒரு கொம்பியூட்டரும் இருந்தது. ஆனால் தொண்ணூறாம் ஆண்டு மின்சாரம் நின்ற நாள் தொடங்கி அது ஒரு பழைய படுக்கைவிரிப்பின் கீழே கிடந்தது.

எனவே மகாதேவியே இயந்திரமானார். கடதாசிக்குத் தட்டுப்பாடான காலம். பிள்ளைகள் வீடுகளிலிருந்து பழைய கலியாண அழைப்புக் காட்டுகளைக் கொண்டுவந்தார்கள். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் கோடு கீறி, ஒரு ஆளுக்கு ஒரு காட்டு என்று விவரங்களை எழுதினார்கள். ஒரு பிள்ளை எழுந்து கட்டளையை வாசிக்கும். மகாதேவி காட்டுகளைப் புரட்டி விடையை எடுத்து நீட்டுவார். ஒரு சொல் பிழைத்தாலும் “பிழை” என்று சொல்லிவிட்டு அசையாமல் நிற்பார். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு.

அருந்ததி கேட்ட கேள்விக்கு அன்று மகாதேவி சொன்ன பதில் இதுதான்: ஒவ்வொருவருக்கும் தனி இலக்கம் கொடுப்பதே சிறந்தது. அது முடியாதபோது பெயர், தகப்பன் அல்லது புருசன் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்தால் அது ஒரே ஆள்தான். அருந்ததி தலையாட்டிவிட்டு இருந்தாள். அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

அடுத்த வருடம், கிராமத்துப் பதிவுகளைப் பார்க்கும் விதானையார் ஆழ்வாப்பிள்ளை ஒரு கட்டுப் பதிவேடுகளுடன் வந்தார். வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு அலைந்ததில் ஒரே ஆளின் பெயர் இரண்டு மூன்று இடங்களில் பதிவாகியிருந்தது. இரட்டைப் பதிவுகளை நீக்கித் தராவிட்டால் ஒருவருக்குமே நிவாரணம் இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். மகாதேவி அதை வகுப்பு வேலையாக ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் படிப்பதும் நடக்கும், நாலு பேருக்கு உதவியும் நடக்கும் என்று நினைத்தார். நினைத்ததில் பிழையில்லை.

காட்டுகள் நிலம் முழுவதும் பரவின. அடையாள அட்டை இலக்கம் எழுதும் இடத்தில் பாதிப் பேருக்கு வெறும் கோடுதான். ஓடி வந்தவர்கள் அட்டைகளை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மூன்றும் ஒத்த காட்டுகளைப் பிள்ளைகள் சோடி சோடியாக எடுத்து வைக்க, மகாதேவி ஒன்றின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். அருந்ததி மட்டும் இரண்டு காட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டிலும் தியாகராசா நல்லம்மா, மயிலிட்டி. ஒன்றில் வயது ஐம்பத்தெட்டு, மற்றதில் அறுபத்தொன்று. வயதானவர்களுக்குத் தங்கள் வயது எங்கே சரியாகத் தெரியப்போகிறது என்று சொல்லிக்கொண்டே மகாதேவி ஒன்றை வாங்கிக் கோடு இழுத்தார். பட்டியல் தட்டச்சாகிப் போயிற்று. விதானையார் பிள்ளைகளுக்கு ஒரு பை நிறைய விளாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

நல்லூர்த் திருவிழாக் கொடி ஏறிய கிழமை, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கறுத்து, மெலிந்த உருவம். கையில் மடித்த வெறும் உரப்பை. கூட்டுறவுச் சங்கக்கடையில் இரண்டு தரம் அவளுக்கு நிவாரணம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். விதானையாரிடம் கேட்டதற்கு, கொம்பியூட்டர் வெட்டிப்போட்டுது என்று சொல்லி இங்கே அனுப்பியிருக்கிறார். பெயர் நல்லம்மா என்றாள்.

அவள் படுக்கைவிரிப்பு மூடிய மேசையைக் கண்டுகொண்டாள். அதற்கு முன்னே போய், கோயிலில் நிற்பது போலக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

“பிள்ளை, உந்த மெசினிட்டை ஒருக்காச் சொல்லும், நான் இருக்கிறன் எண்டு.”

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அருந்ததி தலையைக் குனிந்துகொண்டாள். மகாதேவி இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்திருக்கலாம். அது மறுத்துப் பேசப்போவதில்லை.

“மெசின் வெட்டேல்லை அம்மா. நான்தான் வெட்டினனான்.”

நல்லம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது.

“அப்ப நீர்தானே திருப்பி எழுதவேணும்.”

மகாதேவி எழுதினார். விதானையாருக்கு ஒரு கடிதம், மேலிடத்துக்கு ஒரு கடிதம், பிறகு சைக்கிளில் நேரே போய் இன்னொரு கடிதம். பட்டியலில் ஒரு பெயரை நீக்குவதற்கு ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது. சேர்ப்பதற்கு, அவள் வேறொரு ஆள் என்று மயிலிட்டி விதானையார் உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள். மயிலிட்டி ஆமியிடம் இருந்தது. அந்த விதானையார் கனடாவுக்குப் போய் ஒரு வருடமாகிவிட்டது. அதைச் சொன்னபோது, அடுத்த மீளாய்வில் பார்ப்போம் என்று பதில் வந்தது. அடுத்த மீளாய்வு எப்போது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் மகாதேவி தன் வீட்டு அரிசியைப் பையில் கட்டிக்கொண்டு, நல்லம்மா இருந்த கொட்டிலைத் தேடிப் போனார். நல்லம்மா பையை வாங்கவில்லை.

“நான் அரிசிக்கு வரேல்லைப் பிள்ளை. பேருக்குத்தான் வந்தனான். பேர் வந்தா அரிசி தன்ரை பாட்டிலை வரும்.”

அப்படியென்றால் இத்தனை நாளும் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார் மகாதேவி. அப்போதுதான் மற்ற நல்லம்மாவைப் பற்றித் தெரிய வந்தது. பட்டியலில் எஞ்சியிருந்தவள் அவள். இணுவில் பள்ளிக்கூட முகாமில் இருந்தாள். ஊரிலே அவளை வெள்ளை நல்லம்மா என்றும் இவளைக் கறுவல் நல்லம்மா என்றும் கூப்பிடுவார்களாம். அங்கே ஒரு பிள்ளைகூட அவர்களை மாறிக் கூப்பிட்டதில்லை. காட்டில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை.

வெள்ளை நல்லம்மா ஒவ்வொரு முறையும் சங்கக்கடையிலிருந்து நேரே கொட்டிலுக்கு வந்து, அரிசியையும் மாவையும் சரிபாதியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போனாளாம். உறவில்லை. ஊரில் இருந்தபோது தண்ணீர் அள்ளுகிற இடத்தில் இரண்டு பேருக்கும் சண்டையும் நடந்திருக்கிறது. ஏன் தருகிறாய் என்று கேட்டதற்கு, “பேருக்குத்தானே தந்தவங்கள், பேர் ரெண்டு பேருக்கும்தானே” என்று சொல்லியிருக்கிறாள்.

ஒருத்திக்கே காணாத நிவாரணம் அது.

அருந்ததி மூன்று நாள் இருந்து புதிதாக ஒரு காட்டு அமைப்பை வரைந்துகொண்டு வந்தாள். முதல் கட்டத்தில் இலக்கம். பெயர் ஒன்றாக இருந்தாலும் இலக்கம் ஒன்றாக இராது. கடைசியில், “ஊரிலை என்னெண்டு கூப்பிடுறவை?” என்று ஒரு கட்டம். மகாதேவி அதை நெடுநேரம் பார்த்தார். மிகச் சரி என்றார். அந்த அமைப்பை யாரும் கேட்கவில்லை. அதை எழுதக் கலியாணக் காட்டுகளும் மிஞ்சியிருக்கவில்லை. அந்த வருடம் ஊரில் கலியாணங்கள் குறைவு. அடுத்த தவணை அருந்ததியின் வீட்டார் வன்னிக்குப் போய்விட்டார்கள். வகுப்பு ஆறு பேராகி, பிறகு மூன்று பேரானது.

தை மாதம் கறுவல் நல்லம்மா இறந்துபோனாள். காய்ச்சல், மருந்தில்லை. பட்டினி என்று யாரும் எழுதவில்லை. வெள்ளை நல்லம்மாதான் முகாமில் நின்றவர்களைக் கூட்டிப் போய் எல்லாம் செய்வித்தாள். பங்குனியில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தியாகராசா நல்லம்மாவின் பெயரை மீண்டும் சேர்க்க அனுமதி கிடைத்திருந்தது. விதானையார் அதை மகாதேவியிடம் கொடுத்துவிட்டு, வெற்றிலையைத் துப்ப வெளியே போனவர் திரும்பி உள்ளே வரவில்லை.

தை மாதம் தொடங்கி மகாதேவி வெள்ளிக்கிழமைகளில் ஒன்றும் சாப்பிடவில்லை. வெள்ளி விரதம் ஊரில் எல்லோரும் பிடிப்பதுதான் என்பதால் யாரும் கேட்கவில்லை. அன்றைய தன் பங்கு அரிசியை வெறுமையான ஒரு பால்மாத் தகர ரின்னில் போட்டு வைத்தார். சித்திரைப் பறுவம் வந்தது. தாயை இழந்தவர்கள் தாயை நினைத்து விரதம் இருக்கும் நாள். தாய் உயிரோடு இருப்பவர்கள் அதைப் பிடிக்கக் கூடாது என்பார்கள். மகாதேவி, வகுப்பில் சாப்பிடுவேன் என்று தாயிடமும், வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்று நிலையத்திலும் சொன்னார். கறுவல் நல்லம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை.

மத்தியானம் முகாமே கஞ்சிக்காகக் கோயிலடிக்குப் போயிருந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில், இரண்டு சேலைகளால் மறைத்த மூலையில் வெள்ளை நல்லம்மாவின் சாமான்கள் இருந்தன. ஒரு பாய், ஒரு கேத்தில், கல் வைத்து மூடிய ஒரு மண்பானை. மகாதேவி கல்லை எடுத்து, மூடியைத் திறந்தார். அடியில் ஒரு சுண்டு அரிசிகூட இல்லை. ரின்னைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கொட்டினார். விளிம்பில் ஒட்டியிருந்த மணிகளையும் விரலால் தட்டி விழுத்தினார். மூடியைப் போட்டு, கல்லை முன்பு இருந்தபடியே வைத்தார்.

பிறகு பின்படலையால் வெளியே வந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். மூன்று மணிக்கு வகுப்பு. மூன்று பிள்ளைகள் வருவார்கள்.