பூர்ணபோதர் கடல் பார்த்த மாசி மகம்

படாளம் கூட்ரோட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் செங்கம்மாளுக்குச் சாமியார்கள் என்றாலே ஆகாது. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கடை போட்டவள் பார்க்காத சாமியாரா? கைரேகை பார்ப்பவர், சட்னியில் காரம் போதாது என்று சாபம் விட்டவர், எல்லாரும் வந்து போயிருக்கிறார்கள். அதனால் மாசி மாதத்துக் காலை ஒன்றில், காவி கட்டிய ஒல்லி மனிதர் ஒருவர் கையில் தண்டத்தோடு கடை முன்னால் வந்து நின்றபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னா சாமி, எம்மா நேரம் நிப்பீங்க?"

"ஒரு மாடு கறக்கிற நேரம்மா. அதுக்கு மேல நிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதி."

செங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு இட்லி எடுத்து நீட்டினாள். தட்டும் வேண்டாம், இலையும் வேண்டாம் என்று உள்ளங்கையிலேயே வாங்கி, ஓரமாக உட்கார்ந்து தின்று, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். "இன்னும் ரெண்டு வெக்கவா?" என்றதற்கு, "கை நிறைஞ்சிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையார் கோயில் பக்கம் நடந்து போனார்.

அவருடைய கதையைத் தோண்டி எடுத்தது பக்கத்து வீட்டு மார்கரெட். சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள். யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படாதவள். "ஏன் சாமி, கல்யாணம் ஆயிட்ச்சா?" என்றே ஆரம்பித்தாளாம். பெயர் பூர்ணபோதர். வயது நாற்பத்திரண்டு. திருப்பத்தூர்ப் பக்கம். கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் சொல்லிக் கொடுத்தவர், முப்பது வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நர்மதைக் கரையில் ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். அப்புறம் நடைதான். வண்டி ஏறுவதில்லை, ஓர் ஊரில் மூன்று நாளுக்கு மேல் தங்குவதில்லை.

அந்த மூன்று நாளும் சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் பேசினார். கேன் ஏற்றும் வண்டி வரும்வரைதான் பேச்சு. சமஸ்கிருதம் கரைத்துக் குடித்தவர், ஆனால் பேசியது நம் தமிழ். "சாமி, பால்ல தண்ணி ஊத்துனா பாவமா?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியல. ஆனா ஊத்தினவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும்" என்றார். கூட்டம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள் மனத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அலை எழும்பும்போது ஆடுது, விழும்போது அழுது. நான் வேற யாருமில்ல, தண்ணிதான்னு அதுக்குத் தெரிஞ்சா அடங்கிடும். மனசும் அப்படித்தான்" என்றார்.

செங்கம்மாளுக்கு அது உறைத்தது. அவள் புருஷன் செத்துப் போய் ஒன்பது வருஷம். அன்றிலிருந்து பதினாறாம் நாள் கடையைத் திறந்தவள், அதற்கப்புறம் ஒரு நாள்கூடப் பூட்டவில்லை. தீபாவளிக்கும் இட்லி உண்டு. கை சும்மா இருந்தால் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டு வரும். அதற்கு இடம் கொடுக்காமல் மாவாட்டிக்கொண்டே இருந்தாள்.

"அடங்கலியே சாமி" என்றாள் சத்தமாக. "ஒம்போது வருசமா அடக்கிப் பாத்துகினுதான் கீறேன். கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க, நீங்க கடல பாத்துக்கீறீங்களா?"

எல்லாரும் அவளை முறைத்தார்கள். பூர்ணபோதர்தான் முதலில் சிரித்தார்.

"இல்லம்மா. ஏழு நதியில முங்கியிருக்கேன். கடல் பாத்ததில்ல. புத்தகத்துல இருந்ததச் சொன்னேன்."

"அப்ப வாங்க, காட்றோம்" என்றாள் மார்கரெட். "நாயித்திக்கெழம மாசி மகம். மகாபலிபுரத்துல சனம் ரொம்பிக் கெடக்கும்."

"பௌர்ணமி வேற. மத்த நாள்ல கூடாதுன்னாலும் அன்னிக்குக் கடல்ல முங்கச் சாஸ்திரமே இடம் கொடுக்குது" என்றார் அவர், பரீட்சையில் பாஸானவர் மாதிரி முகம் மலர்ந்து.

வெள்ளிக்கிழமை விடியும்போது செங்கம்மாள் கடையைப் பூட்டினாள். பூட்டு துருப்பிடித்து மக்கர் பண்ணியது. நாஸ்தாவுக்கு வந்த லாரி டிரைவர்கள், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்றார்கள். "ஒடம்பு நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

வழியில் ராஜ்யம் மார்கரெட்டுடையது. வேளாங்கண்ணிக்கு மூன்று தடவை நடந்தவள் என்பதால் அவள் சொன்னதே சட்டம். "சாமி, மொதல்லியே ஓடாதீங்க. வெயில் ஏறச்சொல்ல குந்திடணும். யக்கா, எலுமிச்சம்பயத்த வாயில வெச்சிக்கோ." பண்டிதர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார், எழுந்தார். அவர் காலில் கருவேல முள் ஏறியபோது தாலிச் சரட்டிலிருந்து ஊக்கை எடுத்து அவள்தான் பிடுங்கிப் போட்டாள். திருக்கழுக்குன்றத்தில் தங்கி, மறுநாள் மாலை மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஞாயிறு விடியலில் கடற்கரையே திருவிழா. இருளர் குடும்பங்கள் மணலில் புடவையால் குடில் கட்டி, தங்கள் குலதெய்வம் கன்னியம்மாளுக்கு ஏழு மணற்படி அமைத்துப் பூ வைத்திருந்தார்கள். ஊர் ஊராக அம்மன்கள் டிராக்டரில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தத்துக்கு நடுவில் பூர்ணபோதர் அசையாமல் நின்றார். சூரியன் முழுசாக மேலே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்கால் ஆழம் இறங்கி, கைகூப்பி, கண்ணை மூடிச் சுலோகம் சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டாம் வரிக்குள் அலை அவரைச் சுருட்டியது. தண்டம் ஒரு பக்கம், மேல்துண்டு ஒரு பக்கம். சாமியைத் தொடலாமா என்று செங்கம்மாள் யோசிப்பதற்குள் மார்கரெட் பாய்ந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். மிதந்துபோன தண்டத்தை யாரோ ஓர் இருளர் பெண் நீந்திப் பிடித்து வந்து கொடுத்தாள்.

"உப்பு!" என்று கத்தினார் பூர்ணபோதர். "உப்புன்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. இவ்வளவுன்னு போடல!"

அடுத்த அலையும் தள்ளியது. விழுந்து எழுந்து சிரித்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் செங்கம்மாளிடம் வந்தார்.

"நான் சொன்னது தப்பும்மா. தெரிஞ்சா அடங்கிடும்னு சொன்னேன். பாருங்க, அத்தனையும் தண்ணிதான், ஆனாலும் அடிச்சிக்கிட்டே இருக்கு. அது அடங்கணும்னு ஒண்ணுமில்ல. அடிச்சாலும் தண்ணிதான்."

செங்கம்மாள் இடுப்பளவு தண்ணீருக்குப் போனாள். ஒன்பது வருஷமாக அடக்கி வைத்தது புரண்டு வந்தது. இந்தத் தடவை அவள் தடுக்கவில்லை. அலை மார்பில் அறைந்தபோது, புருஷன் இருந்த காலத்தில் ஒருநாளும் வாயால் சொல்லாத அவன் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள்.

"யோவ் சின்னத்தம்பீ!"

"யக்கா, பேரச் சொல்லிட்டியே!" மார்கரெட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொன்னா இன்னாடி? வந்து சண்ட போடட்டும்!" என்ற செங்கம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் மார்கரெட்டும் சேர்ந்து கத்தினாள்.

வெயில் ஏறியதும் பூர்ணபோதர் கிளம்பினார். கரையை விடாமல் கன்னியாகுமரிவரை நடக்கப் போவதாகச் சொன்னார். சந்நியாசி யாரையும் கும்பிடக் கூடாதாம். ஆனாலும் கிளம்பும்போது, "நீங்க கேட்ட கேள்விக்கு" என்று செங்கம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு ஈர மணலில், அலை காலைத் தொடத் தொட, சதுரங்கப்பட்டினம் பக்கமாக நடந்தார்.

பெண்கள் இருவரும் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மார்கரெட்டின் மகள் ஜாய்ஸ் போன் பண்ணினாள்: ஊரே கேட்கிறதாம், இட்லிக் கடை எப்போது திறக்கும்?

"நாளைக்கு" என்றாள் செங்கம்மாள். திருவிழாத் திடலில் ராட்டினம் சுற்ற ஆரம்பித்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்ல, நாளான்னிக்குன்னு சொல்லு" என்று புடவையைப் பிழிந்து உதறிவிட்டு, மார்கரெட்டைக் கைப்பிடித்து எழுப்பி, ராட்டினத்துக்கு நின்ற வரிசையை நோக்கி இழுத்துக்கொண்டு போனாள்.